இறங்கச் சொல்லும்வரை

மர்கம் மணலில் காலை நாலே கால்.
கூடார வாசலில் ஒரு எடை எந்திரம்,
பக்கத்தில் நான்.
செருப்பைக் கழற்றுகிறார்கள்,
கைப்பையைக் கணவனிடம் தருகிறார்கள்,
மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஏறுகிறார்கள்.
எண்ணை நான் உரக்கச் சொல்வதில்லை.
எழுதித் தாளைக் கவிழ்த்து வைப்பேன்.
இந்த வேலையில் நானாகப் போட்டுக்கொண்ட விதி
அது ஒன்றுதான்.

பிறகு கூடைக்கு முன்னால் நின்று சொல்வேன்,
மூன்று வருடமாக அதே ஆங்கிலம்,
அதே இடத்தில் அதே சிரிப்பு:
இறங்கும்போது முட்டியை மடக்குங்கள்.
போகிற திசைக்கு முதுகைக் கொடுங்கள்.
கயிற்றுப் பிடியை இரண்டு கையாலும் பிடியுங்கள்.
போன் பைக்குள் இருக்கட்டும்.
கூடை சாயும், சாய்ந்தால் சாயட்டும்,
சொல்லும்வரை யாரும் இறங்கக் கூடாது.
குந்திக் காட்டுவேன்.
யாராவது அதைப் படம் எடுப்பார்கள்.
நான் ஒருநாளும் மேலே போனதில்லை என்பதைச் சொன்னதில்லை.
யாரும் கேட்டதுமில்லை.

அன்றைக்கு இரண்டு பேர் வரவில்லை.
பைலட் ஓஸ்குர், துருக்கிக்காரர்,
டார்ச் வெளிச்சத்தில் தாளைப் பார்த்தார்.
கூடையின் ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் காலி.
"நீ எத்தனை கிலோ?"
எழுபத்திரண்டு.
"ஏறு."
இப்படித்தான் பறந்தேன்,
மணல் மூட்டைக்குப் பதிலாக.

நெருப்பு உறுமும், நிற்கும்.
நின்றதும் வருகிற அமைதியில்
கீழே எங்கோ ஒட்டகம் இருமியது கேட்டது.
"மேலே காற்றே இல்லையே" என்றாள் மரிசெல்,
ராஷிதியாவில் நர்ஸ்,
எட்டு மாதம் சேர்த்த பணத்தில் வந்தவள்.
காற்றோடு போகிறோம், அதனால் தெரியவில்லை
என்றார் ஓஸ்குர்.
கீழே குல் சமானின் வண்டி
தூசியைக் கிளப்பிக்கொண்டு எங்களைத் துரத்தியது.
நான் உட்காரும் இடத்தில் இப்போது
தண்ணீர்க் கேன் உட்கார்ந்திருக்கும்.

சூரியன் எழுந்ததும் காற்று மாறியது.
ஓஸ்குர் பேச்சை நிறுத்தினார்.
தரை எங்களைப் பார்த்து ஓடி வந்தது:
புதர், வேலி, புதர்.
"லேண்டிங்! லேண்டிங்!"
நான் வாயைத் திறந்தேன்.
மூன்று வருட ஆங்கிலத்தில் ஒரு சொல் வரவில்லை.

"முட்டிய மடக்கு! முட்டிய மடக்கு!
ஏய், போன உள்ள வை!"

கொரியப் பையன் மடக்கினான். மரிசெல் மடக்கினாள்.
எந்திரத்தில் ஒரு எண்ணும்
வாயில் ஒரு எண்ணுமாக வந்த
சூரத் நகைக்கடைக்காரர் மடக்கினார்
(எவ்வளவு என்று இப்போதும் சொல்லமாட்டேன்).

முதல் அடி. எழும்பினோம்.
இரண்டாவது அடியில் கூடை சாய்ந்தது.
மணலை உழுதுகொண்டு போனோம்,
யார் முழங்கை யார் விலாவில் என்று தெரியாமல்.
பல்லுக்கிடையில் மணல்.

நின்றதா என்று தெரிவதற்குள்
ஒருவர் விளிம்பைத் தாண்டிக் கால் போட்டார்.
இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டேன்.
அவர் பாஷையில் திட்டினார்,
என்ன திட்டென்று புரிந்தது.
துணி இன்னும் பாதி உப்பி,
அடுத்த காற்றுக்குக் காத்திருந்தது.
ஓஸ்குர் சொல்லும்வரை விடவில்லை.

படிவத்தில் எழுதினோம்.
காயம்: ஒரு உதடு. உடைந்தது: ஒரு மூக்குக்கண்ணாடி.
பயணிகள் பதினாறு, பைலட் ஒன்று.
எனக்குக் கட்டம் இல்லை.
ஓஸ்குர் சுமை என்ற இடத்தில் 72 போட்டார்.
கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு அதை அடித்தார்.
பக்கத்தில் பூவராகன் என்று எழுதினார்,
ஒரு எழுத்து குறைய.

மறுநாள் நாலே கால்.
அச்சடித்த தாளில் இல்லாத ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன்:
நீங்கள் முதலில் குதித்தால்
உங்கள் எடை அளவுக்குப் பலூன் லேசாகும்.
நீங்கள் மணலில் பத்திரமாக நிற்பீர்கள்.
மற்றவர்கள் மேலே போய்க்கொண்டிருப்பார்கள்.

சிரிக்கிற இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.
ஒரு சிறுமி மட்டும் கேட்டாள்,
அங்கிள், நீங்க போயிருக்கீங்களா?

குந்திக் காட்டினேன்.
வீக்கம் இன்னும் வடியவில்லை.